ஐந்து மணிவரை கரையில் கிடந்த பிள்ளை

அனுப்புநர்:
எலிஷெபா நியாக்கியோ,
க/பெ. காலஞ்சென்ற ஜோஷுவா கிதாகி,
முன்னாள் தொடக்கப்பள்ளி ஆசிரியை,
கியாங்கோமா வேலிக் கிராமம்,
நியாந்தருவா காட்டோரம், மத்திய மாகாணம், கென்யா.

பெறுநர்:
மேன்மை தங்கிய தலைமை நீதிபதி அவர்கள்,
உயர்நீதிமன்றம், நைரோபி.

பொருள்: பெற்ற பிள்ளையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு மாவட்டச் சிறையில் இருக்கும் முரிங்கோ (க/பெ. வைத்தாக்கா) குற்றமற்றவர் என்பது பற்றியும், அப்பிள்ளை யாரால் இறந்தது என்பது பற்றியும், நேரில் கண்ட என்னைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுவது பற்றியும்.

மதிப்பிற்குரிய நீதிபதி ஐயா அவர்களுக்கு,

1. இம்மனுவை இடக்கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருப்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். வலக்கை மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அது முறிந்த விதமும் இந்த வழக்கைச் சேர்ந்ததே என்பதால் உரிய இடத்தில் சொல்கிறேன். இதைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்று விசாரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இதைப் படித்தவர் அல்லர். அவருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

2. முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரிலிருந்து யார் புகார் எழுதினாலும், எழுதியவர் அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கும் போராளிகளின் ஆள் என்று சொல்லி மனுவைக் கிழித்துப்போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் மிஷன் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பதினோரு ஆண்டுகள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். என் கணவர் ஜோஷுவா கிதாகி எங்கள் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர். போராளிகள் எல்லாரையும் கூட்டிச்சென்று இரகசியச் சத்தியம் வாங்கிய காலத்தில் அவர் மட்டும் மறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்புகையில், தேயிலைத் தோட்டத்து வளைவில், அவரை வெட்டிப்போட்டார்கள். வெட்டியவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர்.

ஆகவே காட்டில் இருப்பவர்களுக்கு நான் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. என் கணவரின் கல்லறைக்கு அரசாங்கம்தான் கல் வைத்தது. அடக்கத்தன்று எங்கள் பிரிவு அதிகாரி பிரிட்லோ துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். என் தோளைத் தொட்டு, இனி அரசாங்கமே உனக்குத் துணை என்றார். அதை நான் நம்பினேன். இம்மனுவில் நான் குற்றம் சுமத்துவது அந்தப் பிரிட்லோ துரை மீதும், அவருக்குக் கீழே எங்கள் ஊர்க்காவல் படைக்குத் தலைவராக இருக்கும் கிபுச்சி மீதும் ஆகும்.

3. சென்ற ஆண்டு எங்கள் மலைச்சரிவில் இருந்த வீடுகள் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் எரிக்கப்பட்டன. கையில் எடுத்ததை மட்டும் சுமந்துகொண்டு கியாங்கோமாவுக்கு நடந்தோம். அங்கே முள்வேலிக்குள் நாங்களே குடிசை கட்டிக்கொண்டோம். ஆண்களில் பெரும்பாலோர் தடுப்பு முகாம்களில் இருக்கிறார்கள். என் தம்பி வைத்தாக்காவும் அப்படித்தான் பிடித்துச் செல்லப்பட்டான். அவன் மனைவிதான் முரிங்கோ. கல்யாணமாகி ஓராண்டு நிறையவில்லை. அவன் லாரியில் ஏற்றப்பட்டபோது அவள் கர்ப்பமாக இருப்பது அவளுக்கே தெரியாது. பிறகு கடிதத்தில் எழுதினோம். அந்தக் கடிதம் அவன் கைக்குப் போயிற்றா என்பது இன்றுவரை தெரியவில்லை.

4. காட்டுக்கும் ஊர்களுக்கும் நடுவே வெட்டப்பட்டுவரும் அகழியைப் பற்றித் தாங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து சோறு போகக் கூடாது என்பதற்காக அரசாங்கம் அதை வெட்டுகிறது. வெட்டுவது யார் என்பதைப் பத்திரிகை எழுதியதா என்று தெரியாது. பெண்கள்தான் வெட்டுகிறோம். விடிந்ததும் விசில் ஊதுவார்கள். வேலிக் கதவருகே வரிசையில் நின்று, ஆள்கணக்குக் கொடுத்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டோரம் போவோம். ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். அடியில் கூர் சீவிய மூங்கில் முளைகளை நெருக்கமாக நட வேண்டும். மண்ணைக் கூடையில் நிரப்பி, வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து மேலே ஏற வேண்டும். ஏறும்போது பாட வேண்டும் என்பதும் கட்டளை. பாடாவிட்டால் பிரம்படி. சொந்த நிலத்தைக் கொத்த நேரம் தராததால் பட்டினியால் செத்தவர்கள் இருக்கிறார்கள். அது வேறு மனுவுக்குரிய விஷயம்.

5. நான் ஆசிரியை என்பதால் முதலில் எனக்கு அகழி வேலை இல்லை. வேலிக்குள் ஒரு கொட்டகையில் பள்ளி நடத்திவந்தேன். சென்ற ஜனவரியில், நிறைமாதக்காரிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் மட்டுமாவது அகழியிலிருந்து விலக்குங்கள் என்று பிரிட்லோ துரையிடம் வாய்மொழியாக வேண்டினேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே கிபுச்சியிடம், “டீச்சருக்கு அகழியைப் பத்தி ரொம்ப அக்கறை இருக்கு. பாவம், தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. நாளைல இருந்து உள்ள இறக்கி விடு” என்றார். மறுநாள் பள்ளிக்கூடக் கொட்டகை ஊர்க்காவல் படையின் ஆட்டுக்கொட்டிலாயிற்று. நான் முரிங்கோவுக்குப் பக்கத்தில் நின்று மண் வெட்டினேன்.

6. இனிச் சொல்லப்போவது சென்ற ஏப்ரல் மாதம், பெருமழைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு வியாழக்கிழமை நடந்தது.

அன்று காலை வரிசையில் நிற்கும்போதே முரிங்கோவுக்கு வலி கண்டுவிட்டது. அவளே கிபுச்சியிடம் போய்ச் சொன்னாள். கிபுச்சி எங்கள் பக்கத்து நிலத்துக்காரர். சிறுவயதில் என் தம்பியோடு ஆடு மேய்த்தவர். அவர் முரிங்கோவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, வலி எல்லாருக்கும்தான் இருக்கிறது, நட என்றார். நடந்தாள். அகழி வரைக்கும் அவள் மண்வெட்டியையும் நானே சுமந்தேன்.

சற்று நேரத்தில் நிற்க முடியாமல் அகழியின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது வம்புரா என்ற பெண்மணி தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். நான்கு பிள்ளை பெற்றவர் அவர். நானோ பிள்ளை பெறாதவள், பிரசவம் பார்த்தும் அறியாதவள். வம்புரா சொன்னபடி முரிங்கோவின் முதுகை என் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மூங்கில் முளைகள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்த்தியிருந்தோம்.

7. கிபுச்சி கரைமேல் வந்து குனிந்து பார்த்தார். இவள் மேலே வர வேண்டும், பனிக்குடம் உடைந்துவிட்டது, குடிசைக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள் என்று வம்புரா கேட்டார். கிபுச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“ஏத்திவிடத்தான் வந்தேன். காட்டுக்குச் சோறு கொண்டுபோறவ யார் யாருன்னு நாலு மாசமா கேட்டுட்டிருக்கேன். மூணே மூணு பேரைச் சொல்லு முரிங்கோ. நானே கை குடுத்துத் தூக்கிவிடுறேன்.”

முரிங்கோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வலியைக் கடத்தினாள். பிறகு நிதானமாக மூன்று பெயர்களைச் சொன்னாள். கிபுச்சி அவசரமாகச் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். அதற்குள் அகழியில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். தொடர்ந்து எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அந்த மூன்று பேரும் பிப்ரவரியில் பட்டினியால் செத்து, கிபுச்சியின் ஆட்களே குழிவெட்டிப் புதைத்தவர்கள்.

பிரசவ வலியில் இருக்கும் பெண் ஒருத்தி அப்படிச் செய்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. முரிங்கோ அப்படிப்பட்டவள். என் தம்பி அவளைக் கல்யாணம் செய்துகொண்டதே அவள் வாய்த்துடுக்குக்காகத்தான். கிபுச்சி பென்சிலைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். “சரி, அங்கேயே பெத்துக்க” என்றார்.

8. உச்சிப்பொழுதுக்கு முன்பே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. கையும் காலும் குறையில்லாமல் இருந்தான். பிறந்ததும் அழுதான், பலமாகவே அழுதான். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். வம்புரா தொப்புள்கொடியைத் தன் கழுத்து மணிக்கயிற்றால் கட்டி, பல்லால் கடித்து அறுத்தார். என் தலைத்துணியை அவிழ்த்து அதில் பிள்ளையைச் சுற்றி முரிங்கோவின் மார்பில் வைத்தோம்.

எங்கள் மக்களிடையே பெண் பிறந்தால் மூன்று குலவை, ஆண் பிறந்தால் ஐந்து. அது பிறந்த பிள்ளைக்கும் பெற்ற தாய்க்கும் உரியது. யாரும் சொல்லித் தொடங்கவில்லை. அகழி நெடுக நின்ற பெண்கள் நிமிர்ந்து ஐந்து முறை குலவையிட்டார்கள். அவ்வளவு நாளும் அடிக்குப் பயந்து பாடிய தொண்டைகள் அவை. அன்று அடிக்குப் பயப்படாமல் ஒலித்தன. ஐந்தாவது குலவை ஓயும்போதே ஜீப் சத்தம் கேட்டது.

9. பிரிட்லோ துரை ஜீப்பிலிருந்து துப்பாக்கியோடு இறங்கி ஓடிவந்தார். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு நாங்கள் சமிக்ஞை கொடுத்ததாக அவர் எண்ணியிருக்க வேண்டும். யாருக்குக் கூவினீர்கள் என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஐயா, இங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, இது எங்கள் வழக்கம், ஆண்பிள்ளைக்கு ஐந்து என்றேன். அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். குனிந்து பார்த்தார். முரிங்கோவின் மார்பில் என் நீலத் தலைத்துணியையும் அதற்குள் அசைந்த தலையையும் பார்த்தார். மனம் இளகிவிட்டார் என்றே நினைத்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நேரம் வேலை நின்றது என்று கிபுச்சியைக் கேட்டார். காலையிலிருந்தே இந்தப் பக்கத்தில் வேலை சரியாக நடக்கவில்லை என்றார் கிபுச்சி. பிறகு துரை சொன்னது இது. ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு பெண்களில் எனக்கு மட்டுமே அது முழுவதும் விளங்கியது. அதனால்தான் சாட்சி சொல்ல வேண்டியவள் நான் என்கிறேன்.

“அஞ்சு தடவை கூவுனாங்களா? சரி. அஞ்சு மணிக்குப் பிள்ளையை எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் மேல இருக்கட்டும். அம்மாக்காரிக்கு ரெண்டு கையும் வேலைக்கு வேணும்.”

10. கிபுச்சி தாமே அகழிக்குள் இறங்கினார். முரிங்கோ பிள்ளையை விடவில்லை. இரண்டு காவலர்கள் அவள் கைகளைப் பிரித்தார்கள். கிபுச்சி பிள்ளையை மேலே கொண்டுபோய், நாங்கள் சுமந்து கொட்டிய செம்மண் குவியலின்மேல் கிடத்தினார். தலைத்துணியை உருவி என்மேல் வீசினார். “டீச்சர், உங்க துணி அழுக்காயிடும்” என்றார்.

அப்போது தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஏப்ரல் மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் அந்தத் தூறல் எவ்வளவு குளிரும் என்பதைத் தாங்கள் உயரமான இடங்களில் தங்கியிருந்தால் அறிவீர்கள்.

நான் அகழியின் சரிவில் ஏறினேன். பாதி ஏறும்போது ஒரு காவலர் துப்பாக்கிக் கட்டையால் என் வலக்கை மணிக்கட்டில் அடித்தார். விழுந்தேன். திரும்ப ஏறினேன். மறுபடி அடித்து உருட்டிவிட்டார்கள். வம்புரா என்னைப் பிடித்துக்கொண்டார். நீ செத்தால் யார் சொல்வது என்று காதில் சொன்னார்.

முரிங்கோ கத்தவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். இரத்தம் கால்வழியே இறங்கி, அகழியில் தேங்கிய தண்ணீர் கலங்கிற்று. அவள் வெட்டினாள். அன்று அவள் வெட்டிய வேகத்தில் எந்த ஆணும் வெட்டி நான் பார்த்ததில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் மணியும் சீக்கிரம் ஐந்தாகிவிடும் என்று நினைத்தாள் போலும். மேலே பிள்ளையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்த வரையில் அவள் வெட்டினாள். அழுகை நடுவில் நின்று மறுபடி தொடங்கும். தொடங்கும்போதெல்லாம் மண்வெட்டி இன்னும் வேகமாக விழும்.

ஒரு காவலர், பெயரைத் தங்களிடம் நேரில் மட்டுமே சொல்வேன், தம் மழைக்கோட்டைக் கழற்றிப் பிள்ளைமேல் போட்டார். கிபுச்சி அவரை எல்லார் முன்பும் கன்னத்தில் அறைந்து கோட்டை எடுக்கவைத்தார். துரை ஜீப்புக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டபோது பிள்ளையின் குரல் மெலிந்திருந்தது. அதற்குப் பின் அது அதிக நேரம் நீடிக்கவில்லை. கிபுச்சி ஐந்து மணிக்கு விசில் ஊதினார். துரையின் கட்டளையை ஒரு நிமிடம்கூட முன்பின் ஆகாமல் நிறைவேற்றினார்.

11. முரிங்கோ ஏறிப்போய்ப் பிள்ளையை எடுத்தாள். வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் நாக்கால் துடைத்தாள். உள்ளங்கால்களில் ஊதினாள். பிறகு தன் மேல்துணியால் அவனை முதுகில் கட்டிக்கொண்டு, ஆள்கணக்கு வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றாள். எண்ணிக்கொண்டு வந்த காவலர் அவளிடம் வந்ததும் ஒருகணம் தயங்கி, ஒன்றென்றே எண்ணிக்கொண்டு கடந்தார். வேலிக் கதவருகே அவள் என்னிடம், “காலைல இதைவிடக் கனமா இருந்தான், அக்கா” என்றாள். அவ்வளவுதான்.

12. மாலையில் வேலிக் கதவை மூடியபின் வெளியே போகத் தடை. போனால் சுடுவார்கள். ஆகவே பிள்ளையை வெளியே அடக்கம் செய்ய வழியில்லை. முரிங்கோவின் குடிசையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டி, என் நீலத் தலைத்துணியில் சுற்றி வைத்தோம். நான் ஜெபம் செய்தேன். இந்த அடக்கம்தான் பின்னால் அவள் கழுத்துக்குக் கயிறாயிற்று.

13. மறுவாரமே மாவட்ட அதிகாரிக்கு மனு எழுதினேன். அது கவனத்தில் கொள்ளப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சில நாள் கழித்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். இளைஞர், கண்ணியமாகவே பேசினார். ஆனால் விசாரணையைக் காவல்கோபுரத்தின் அடியில், கிபுச்சியின் மேசையில், கிபுச்சியையே மொழிபெயர்ப்பாளராக வைத்து நடத்தினார். ஒவ்வொரு பெண்ணாக வந்து, தாம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். வம்புராவும் வந்தார். அவருடைய மூத்த மகன் அப்போது காவல்கோபுரத்துக்குள் அடைபட்டிருந்தான். “நான் மண்ணைத்தான் பாத்துட்டிருந்தேன் ஐயா. வேற ஒண்ணையும் பாக்கல” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். அவரை நான் குறைசொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம்.

என் முறை வந்தபோது நான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். கிபுச்சி இன்ஸ்பெக்டரிடம், கணவர் செத்ததிலிருந்து டீச்சருக்குப் புத்தி நிலையில்லை என்றார். இன்ஸ்பெக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்துத் தாளை மடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் உடலையாவது பாருங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் செவிசாய்த்தார். தரையைத் தோண்டினார்கள். எடுத்ததும் கிபுச்சி கேட்ட ஒரே கேள்வி, குற்றம் செய்யாதவள் பிள்ளையை ஏன் அடுப்படியில் ஒளித்துவைத்தாள் என்பதுதான். அந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டரும் எழுதிக்கொண்டார். என் மனுவுக்குக் கிடைத்த பலன் இது. அன்று மாலையே முரிங்கோவை விலங்கிட்டு லாரியில் ஏற்றினார்கள்.

14. குற்றப்பத்திரிகையில் கண்டுள்ளபடி, முரிங்கோ சட்டவிரோதச் சத்தியம் எடுத்தவள், இரகசியமாகப் பிள்ளை பெற்றாள், அதை மழையில் போட்டுச் சாகவிட்டாள், உடலை மறைத்தாள். பத்திரிகை ஒன்று இன்னும் மேலே போய், காட்டுப் போராளிகளின் சடங்குக்காகத் தாயே பிள்ளையைப் பலிகொடுத்தாள் என்று படத்தோடு எழுதியிருக்கிறது. அந்தப் பத்திரிகையைப் பிரிட்லோ துரை எங்கள் ஆள்கணக்கு வரிசையில் கொண்டுவந்து, உரக்க வாசித்துக் காட்டும்படி என்னிடமே கொடுத்தார். நான் வாசித்தேன். மொழிபெயர்த்தும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்று அகழியில் இருந்தவர்கள். ஒருவரும் அசையவில்லை. துரை எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இந்த வழக்கைவிட அந்தக் காலைப்பொழுதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

15. கோர்ட்டில் சாட்சி சொல்ல நான் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுப்பவர் கிபுச்சி. மூன்று முறை கேட்டேன். கடைசி முறை அவர் சொன்னது:

“யாருக்கு எதிரா சாட்சி சொல்லப்போறீங்களோ அவன்கிட்டயே வந்து சீட்டு கேக்குறீங்களே டீச்சர், உங்களுக்கே சிரிப்பு வரலையா?”

சிரிப்பு வரவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

16. ஆகவே தங்களிடம் நான் இறைஞ்சிக் கேட்பது:

(அ) முரிங்கோவைக் காப்பாற்ற, என்னைச் சாட்சியாக அழைத்து, தங்கள் நீதிமன்றத்தின் பெயரால் நேரடியாக எனக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும். ஊர்க்காவல் படையின் கையில் அதைக் கொடுத்தனுப்பக் கூடாது.

(ஆ) கியாங்கோமாப் பெண்களை எங்கள் வேலிக்கு வெளியே, கிபுச்சியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரிக்க வேண்டும். அப்போது அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவு வரும்.

(இ) முரிங்கோவுக்குப் பிரசவத்துக்குப் பின் எந்த மருத்துவமும் கிடைக்கவில்லை. லாரியில் ஏறும்போதே அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. சிறை மருத்துவர் அவளைப் பார்க்க உத்தரவிட வேண்டும்.

(ஈ) குற்றப்பத்திரிகையில் “பெயரில்லாத ஆண் சிசு” என்று எழுதியிருக்கிறது. அது தவறு. எங்கள் மக்களிடையே மூத்த ஆண்பிள்ளைக்குத் தந்தையின் தந்தை பெயர்தான். பிறப்பதற்கு முன்பே அந்தப் பெயர் காத்திருக்கும். யாரும் சூட்ட வேண்டியதில்லை. இப்பிள்ளையின் பெயர் காங்கேத்தே. என் தகப்பனாரின் பெயர் அது. நீதிமன்ற ஆவணத்தில் அதைத் திருத்தி எழுத வேண்டும்.

நான் கேட்பது பெரியதல்ல. பார்த்ததைச் சொல்ல இடம் வேண்டும் என்பதே. சொன்னபின் எனக்கு என்ன நேரும் என்பதை அறிந்தே கையொப்பமிடுகிறேன்.

இடம்: கியாங்கோமா
நாள்: 19 மே 1955

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
எலிஷெபா நியாக்கியோ

மேற்படி மனுவோடு சேர்த்துப் படிக்க வேண்டியது:

இம்மனுவைக் கொண்டுபோகத் தகுந்தவர் கிடைக்கச் சில நாள் தாமதமாயிற்று. அதற்குள் நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முரிங்கோ சென்ற ஞாயிறன்று மாவட்டச் சிறையில் இறந்துவிட்டாள். பிரசவக் காய்ச்சல் என்கிறார்கள். உடலை எங்களுக்குத் தரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதைக் கேட்டேன், சொல்லவில்லை. எனக்கு இச்செய்தியைச் சொன்னவர் கிபுச்சி. இன்று காலை வரிசையில் என்னருகே நின்று, குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய அன்பாகவே சொன்னார்:

“வழக்கு முடிஞ்சுது டீச்சர். குற்றவாளி செத்துட்டா அப்புறம் வழக்கு ஏது? நீங்களும் இனிமே நிம்மதியா இருங்க.”

சட்டம் அப்படித்தான் சொல்கிறது போலும். தாங்கள் சட்டம் கற்றவர்கள். நான் சிறுபிள்ளைகளுக்கு எழுத்து மட்டுமே கற்றுக்கொடுத்தவள். ஆயினும் அகழிக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த வாசகத்தை நினைத்துப் பார்த்து, அதில் ஒரு பிழை இருப்பதைக் கண்டேன். அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

குற்றவாளி சாகவில்லை, ஐயா. இருவரும் நலமாக இருக்கிறார்கள். ஒருவர் இன்று காலை எங்களை எண்ணினார். மற்றவர் உச்சிப்பொழுதில் ஜீப்பில் வந்து, கரையோரம் நிறுத்தி, அகழி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்.

கோரிக்கை (அ)வில் “முரிங்கோவைக் காப்பாற்ற” என்ற சொற்களை அடித்துவிட்டேன். (இ) முழுவதையும் அடித்துவிட்டேன். மற்றவை நிற்கின்றன. வழக்கை மூடாமல் என்னை அழைக்க வேண்டுகிறேன்.

கியாங்கோமா
28 மே 1955

எலிஷெபா நியாக்கியோ